விண்ணில் தொங்கும் கடிகாரங்கள்

“மணி என்ன?”

நாள்தோறும் நாம் பலமுறை கேட்கும் கேள்வி இது. கேட்ட மாத்திரத்தில் கைப்பேசியைப் பார்த்து விடை சொல்லிவிடுகிறோம். அந்தக் கைப்பேசிக்கு மணி சொன்னது யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. ஊர் எல்லையில் நிற்கும் தொலைபேசிக் கோபுரம் சொன்னது என்பது பாதி விடை. அந்தக் கோபுரங்களுக்குப் பெரும்பாலும் மணி சொல்பவை, பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு அப்பாலும் வலம்வரும் செயற்கைக்கோள்கள். இது மீதிப் பாதி.

செயற்கைக்கோள் என்றதும் தொலைக்காட்சியும் வானிலைப் படமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை நாம் அறிந்து பெறும் உதவிகள். நாம் அறியாமலே பெற்றுக்கொண்டிருக்கும் உதவி ஒன்று உண்டு. அதுதான் நேரம். தொலைபேசி, மின்சாரம், பங்குச் சந்தை, விமானம், கப்பல் என இன்றைய வாழ்வின் தூண்கள் பலவும் இந்த நேரத்தின்மீது ஊன்றப்பட்டுள்ளன. அது தவறினால் என்ன ஆகும்? இதற்குமுன் தவறியதுண்டா? தவறினால் தாங்கிக்கொள்ள நம்மிடம் என்ன இருக்கிறது? சற்றே சிந்திப்போம்.

ஊருக்கு ஒரு நேரம்

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் நேரம் வேறாக இருந்தது. கதிரவன் உச்சிக்கு வரும் வேளையே அவ்வூரின் நண்பகல். நாகூரில் கதிரவன் உச்சியைத் தொட்டு ஏறத்தாழ 16 நிமிடம் கழிந்த பின்னரே கோழிக்கோட்டில் உச்சியைத் தொடும். அதை அறிவதற்கு எந்தப் பெரிய கருவியும் தேவைப்படவில்லை. தரையில் நட்ட ஒரு கோலும் அதன் நிழலும் போதும். பள்ளிவாசலில் லுஹர் வக்தை அறிய நம் முன்னோர் இந்த நிழலையே பார்த்தனர்.

நேரத்தைக் கணிப்பதற்கென்றே அறிஞர்களைப் பணியில் அமர்த்திய பெருமையும் வரலாற்றில் உண்டு. ‘முவக்கித்’ என்பது அப்பதவியின் பெயர். 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்க் நகரின் உமையாப் பெரும் பள்ளிவாசலில் முவக்கித்தாக இருந்தவர் வானியல் மேதை இப்னு ஷாத்திர். அவர் அமைத்த பெரிய சூரியக் கடிகாரம் அப்பள்ளியின் மினாராவை அணிசெய்தது.

இரயில் வண்டி வந்தபோது ஊருக்கொரு நேரம் என்பது இயலாமற் போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் சென்னையில் நிறுவிய வானாய்வுக் கூடம் கணித்த நேரம் தந்தி வழியாக அனுப்பப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவின் இரயில்கள் ‘சென்னை நேரம்’ கொண்டே ஓடின. 1906 ஜனவரி 1ஆம் நாள் இன்றைய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. ஆக, ஊர்ப் பள்ளிவாசலின் முற்றத்திலிருந்த நேரம் முதலில் நகரத்துக்குச் சென்றது. பின்னர் அங்கிருந்து விண்ணுக்கே சென்றுவிட்டது.

நேரமே தூரம்

விண்ணிலுள்ள இந்த ஏற்பாட்டை நாம் ஜி.பி.எஸ். என்ற பெயரால் அறிவோம். அமெரிக்கப் படைத்துறை தன் தேவைக்காக உருவாக்கியது அது. முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1983 செப்டம்பர் 1ஆம் நாள், வழிதவறி சோவியத் வான்வெளியில் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 உயிர்கள் மாண்டன. அந்த அவலத்துக்குப் பிறகே இவ்வசதி பொதுமக்களுக்கும் கட்டணமின்றி வழங்கப்படும் என்று குடியரசுத் தலைவர் ரீகன் அறிவித்தார். 1995இல் அது முழுமை பெற்றது. பொதுமக்களுக்குரிய சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே துல்லியமான வழிகாட்டும் கருவிகள் உலகெங்கும் பரவலாயின.

இது இயங்கும் முறை எளிமையானது. ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக்கடிகாரங்கள் உள்ளன. “நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது” என்று அது இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அச்செய்தி வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு நம் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்துவிட்டால் நாம் நிற்கும் இடமும் சரியான நேரமும் ஒருங்கே தெரிந்துவிடும்.

ஒளியும் வானொலி அலையும் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ விநாடியில் ஏறத்தாழ 300 மீட்டர் செல்லும். எனவே கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி பிசகினாலும் இடம் 300 மீட்டர் பிசகும். ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கைப்படி, விண்ணிலுள்ள இக்கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி விரைவாக ஓடும். அதனை முன்கூட்டியே கணக்கிட்டுத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பிழை சேர்ந்துவிடும்.

அறியாமல் கட்டப்பட்ட நூல்

இத்துணைத் துல்லியமான நேரம் இலவசமாகக் கிடைத்ததும், வழி காட்டுவதோடு அதன் பயன் நின்றுவிடவில்லை. நேரம் தேவைப்பட்ட துறைகளெல்லாம் ஒவ்வொன்றாக அதனோடு தம்மைக் கட்டிக்கொண்டன.

தொலைபேசிக் கோபுரங்களை எடுத்துக்கொள்வோம். இன்றைய 4ஜி, 5ஜி அமைப்புகள் பலவற்றில் கோபுரமும் கைப்பேசியும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசுகின்றன. ஒன்று பேசும்போது மற்றது கேட்கவேண்டும். அடுத்தடுத்த கோபுரங்களின் கடிகாரங்கள் ஒன்றரை மைக்ரோ விநாடிக்குள் ஒத்திருந்தால்தான் இது நடக்கும். இல்லையேல், ஒரு கோபுரம் காதுகொடுத்துக் கேட்கும் நேரத்தில் பக்கத்துக் கோபுரம் உரக்கப் பேசிக்கொண்டிருக்கும். சந்தை இரைச்சல்தான் மிஞ்சும்.

ஐரோப்பியப் பங்குச் சந்தைகளில் அதிவேக வணிகத்தின் ஒவ்வொரு நடவடிக்கையையும் 100 மைக்ரோ விநாடிப் பிசகுக்குள் நேரமிட்டுப் பதியவேண்டும் என்ற விதி 2018 முதல் நடைமுறையில் உள்ளது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் மின்சாரத்தின் நாடித்துடிப்பை அளக்கும் கருவிகளும் இந்த நேரத்தையே நம்பியுள்ளன.

நம் கரையோர மக்களுக்கு இது உயிரோடும் உரிமையோடும் கலந்த செய்தி. பாக் நீரிணையில் இந்திய, இலங்கைக் கடல் எல்லையைக் காட்ட வேலியோ கல்லோ கிடையாது. இருட்டில் படகிலிருப்பவருக்கு எல்லையைச் சொல்வது கையிலுள்ள ஜி.பி.எஸ். கருவி ஒன்றே. அது சில கிலோமீட்டர் பிழையாகக் காட்டினால் அன்றிரவு அவர் வீடு திரும்புவாரா, அயல்நாட்டுச் சிறைக்குச் செல்வாரா என்பதே கேள்விக்குறியாகிவிடும்.

தவறிய நாள்கள்

இவையெல்லாம் வெறும் அச்சமல்ல. விண்ணின் உதவி தவறிய நாள்கள் உண்டு.

1998 மே 19ஆம் நாள் ‘கேலக்சி 4’ என்னும் ஒரே ஒரு தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் பழுதாகித் திசைமாறியது. அமெரிக்காவிலிருந்த பேஜர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வாயடைத்துப் போயின. மருத்துவமனைகள் தங்கள் மருத்துவர்களை அழைக்க இயலாமல் தவித்தன. தங்கள் சட்டைப்பையிலுள்ள சிறு கருவி அந்த ஒற்றைச் செயற்கைக்கோளை நம்பியிருக்கிறது என்பதை அன்றுதான் பலரும் அறிந்தனர்.

2016 ஜனவரி 26ஆம் நாள் நடந்தது இதனினும் நுட்பமானது. 1990இல் ஏவப்பட்ட பழைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒன்றுக்கு ஓய்வு கொடுத்தனர். அப்போது தரையிலுள்ள மென்பொருளில் நேர்ந்த பிழையால், 15 செயற்கைக்கோள்கள் தவறான நேரத் திருத்தத்தை அனுப்பலாயின. பிழையின் அளவு 13.7 மைக்ரோ விநாடிதான். வழிகாட்டும் பகுதி வேறாக இருந்தமையால் கப்பலும் விமானமும் வழிதவறவில்லை. ஆனால் பல நாடுகளில் தொலைத்தொடர்பு நிலையங்களின் எச்சரிக்கை மணிகள் ஏறத்தாழ 12 மணிநேரம் ஒலித்தன. பிரிட்டனில் பி.பி.சி.யின் டிஜிட்டல் வானொலி பல பகுதிகளில் தடைபட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே ஆன ஒரு பிசகு செய்த வேலை இது!

2017இல் பிரிட்டன் அரசுக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, இவ்வமைப்பு ஐந்து நாள்கள் நின்றுபோனால் அந்நாட்டுக்கு 520 கோடி பவுண்டு இழப்பு நேரும் என்று மதிப்பிட்டது.

மெல்லிய குரல்

இவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்கும் அந்தக் குரலோ மிக மிக மெலிது. ஒரு வீட்டு மின்விளக்கின் ஆற்றலை ஒத்த சமிக்ஞைதான் அத்தனை உயரத்திலிருந்து நம்மை வந்தடைகிறது. அருகில் யாரேனும் உரக்கக் கத்தினால் அது காதில் விழாது.

2012இல் அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் தரையிறங்க உதவும் புதிய கருவி தடுமாறியது. அவ்வழியே சென்ற ஒரு வாகன ஓட்டுநர், தாம் எங்கே இருக்கிறோம் என்பது முதலாளிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக மலிவான தடுப்புக் கருவி ஒன்றை வண்டியில் பொருத்தியிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. தம் முதலாளியின் கண்ணை மறைக்க நினைத்தவர் விமான நிலையத்தின் கண்ணையே மறைத்துவிட்டார்.

தடுப்பதைவிடக் கொடியது ஏமாற்றுவது. போலிச் சமிக்ஞையை அனுப்பினால் கருவி தவறான இடத்தைச் சரியான இடமென்றே நம்பிவிடும். 2023 முதல் மேற்கு ஆசிய வான்வழியில் பயணிகள் விமானங்கள் பல இத்தகைய போலிச் சமிக்ஞைகளுக்கு ஆளாயின. வளைகுடா நாடுகளுக்கு நம் பிள்ளைகளும் சகோதரர்களும் போய்வரும் வழியன்றோ அது! அவ்வாண்டு நவம்பரில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு இதுபற்றிய வழிகாட்டுதலை வெளியிட்டது. 2025இல் தில்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களிலும் இவ்வாறு நேர்ந்ததை, அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

மனிதன் கெடுக்காவிட்டாலும் கதிரவன் கெடுக்கக்கூடும். 2024 மே 10, 11 நாள்களில் வீசிய சூரியப் புயல் இருபது ஆண்டுகளில் காணாத வலிமை கொண்டது. லடாக்கின் ஹான்லே வானில் செந்நிற ஒளி படர்ந்தது. அதே வேளையில் அமெரிக்காவில் விதைப்புப் பருவத்தில் இருந்த உழவர்கள், செயற்கைக்கோள் காட்டும் வழியில் ஓடும் தம் டிராக்டர்கள் தடுமாறியதால் வேலையை நிறுத்திவைக்க நேர்ந்தது.

நம் நாட்டின் முயற்சி

அடுத்தவர் கடிகாரத்தை மட்டுமே நம்பியிருப்பது தகாது என்று உணர்ந்த இந்தியா, தனக்கென ஓர் அமைப்பை உருவாக்கியது. படகோட்டி என்று பொருள்படும் ‘நாவிக்’ என்பது அதன் பெயர். முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது. அதிலிருந்த மூன்று அணுக்கடிகாரங்களும் வெளிநாட்டில் செய்யப்பட்டவை. நான்கு ஆண்டுகளுக்குள் மூன்றும் பழுதாயின. கோள் நன்றாயிருந்தும் கடிகாரம் இல்லாமையால் வழிகாட்டும் தகுதியை இழந்தது. அதற்கு மாற்றாக 2017இல் அனுப்பியது, ராக்கெட்டின் வெப்பக் கவசம் திறக்காமையால் பயனற்றுப் போயிற்று. 2018இல் மற்றொன்று வெற்றியோடு சென்றது.

நம் விஞ்ஞானிகள் சோர்ந்துவிடவில்லை. இந்தியாவிலேயே உருவான ரூபிடியம் அணுக்கடிகாரத்தைச் சுமந்து 2023 மே 29ஆம் நாள் ஒரு செயற்கைக்கோள் சென்றது. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட அடுத்தது தனக்குரிய பாதையை அடைய இயலவில்லை. விண்ணில் கடிகாரம் மாட்டுவது சுவரில் மாட்டுவது போலன்று. பழுதானால் ஏணி வைத்து ஏறிச் சரிசெய்ய முடியாது.

விண்ணில் எல்லாம் சரியாக இருந்தாலும் தரையில் ஒரு கண்ணி அறுந்தால் பயனில்லை என்பதற்கு ஒக்கிப் புயல் சான்று. 2017 நவம்பர் இறுதியில் அப்புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது செயற்கைக்கோள் அதனைக் கண்டது. ஆனால் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குச் சென்றிருந்தோர் தொலைபேசிக் கோபுரங்களின் எல்லைக்கு அப்பால் இருந்தனர். செய்தி அவர்களைச் சென்றடையவில்லை. பல குடும்பங்கள் தம் ஆண்மக்களை இழந்தன. அதன் பிறகே இஸ்ரோ உருவாக்கிய செய்திக் கருவிகள் படகுகளில் பொருத்தப்படலாயின.

இரண்டாவது வழி

அப்படியானால் இவ்வசதிகளைத் துறந்துவிடலாமா? கூடாது. இவற்றால் காக்கப்படும் உயிர்கள் எண்ணற்றவை. விண்ணின் உதவி தவறும்போது எது விழுகிறது, எது நிற்கிறது என்று பார்த்துப் பாடம் கற்பதே அறிவுடைமை.

2019 ஜூலையில் ஐரோப்பாவின் ‘கலிலியோ’ வழிகாட்டும் அமைப்பு ஏறத்தாழ ஒரு வாரம் முடங்கியது. ஆயினும் பொதுமக்களுள் பெரும்பாலோர் அதை உணரவே இல்லை. அவர்களின் கைப்பேசிகள் ஜி.பி.எஸ். முதலிய பிற அமைப்புகளின் குரலையும் கேட்கும் ஆற்றல் பெற்றிருந்தன. 2022 பிப்ரவரி 24ஆம் நாள், உக்ரைன் போர் தொடங்கிய வேளையில், ஐரோப்பாவில் இணையச் சேவை வழங்கிய ஒரு செயற்கைக்கோள் வலையமைப்பின்மீது கணினித் தாக்குதல் நடந்தது. ஜெர்மானிய நிறுவனம் ஒன்று கண்காணித்துவந்த 5,800 காற்றாலைகளோடு தொடர்பு அறுந்தது. ஆனால் காற்றாலைகள் நிற்கவில்லை. தொடர்பு இல்லாவிட்டாலும் தாமே இயங்கும் வகையில் அவை அமைக்கப்பட்டிருந்தன. தில்லியிலும், தரையில் நிறுவப்பட்டிருந்த பழைய வழிகாட்டும் கருவிகள் கைகொடுத்தன.

1998இல் விழுந்தது ஒற்றை வழியை நம்பியது. பின்னாளில் நின்றவை இரண்டாவது வழியை வைத்திருந்தவை. இதுவே இந்நிகழ்ச்சிகள் அனைத்தும் சொல்லும் ஒரே செய்தி.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். ‘மாலுமி’ என்ற தமிழ்ச்சொல் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். அந்த மாலுமிகள் ‘கமால்’ என்னும் சிறு மரப்பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு துருவ விண்மீனின் உயரத்தை அளந்தனர். மேகம் மூடினால் காற்றைப் பார்த்தனர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தனர். நீரின் நிறத்தையும் பறவை பறக்கும் திசையையும் பார்த்தனர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று என்பதே அவர்களின் கடற்கல்வி.

வல்லரசுகளும் இப்போது அந்தப் பாடத்துக்குத் திரும்புகின்றன. கைவிட்டிருந்த விண்மீன் வழிக் கடற்பயணக் கல்வியை அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 2015இல் மீண்டும் தொடங்கியது. 2016இல் வடகொரியாவின் இடையூறால் 280க்கும் மேற்பட்ட படகுகள் கரைதிரும்ப நேர்ந்த தென்கொரியா, தரையிலிருந்தே வழிகாட்டும் வலுவான வானொலி அமைப்பை நிறுவ முனைந்தது. நம் நாட்டின் அதிகாரபூர்வ நேரத்தைத் தன் அணுக்கடிகாரங்களால் காத்துவருவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். கணினி அமைப்புகளை நடத்துவோர் அந்த நேரத்தோடு தம் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டுமென 2022இல் அரசு ஆணையிட்டது. வானத்துக் கடிகாரம் மௌனமானாலும் மண்ணில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம்.

நாம் செய்யத்தக்கவை

இவை அரசுகளின் பணிகள். குடும்பத்திலும் மஹல்லாவிலும் நாம் செய்யத்தக்கவையும் உள்ளன. முக்கியமான தொலைபேசி எண்களைக் கைப்பேசியில் மட்டும் வைத்திராமல் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். சில நாள் செலவுக்கான பணத்தை வீட்டில் ரொக்கமாக வைத்துக்கொள்ளலாம். பேட்டரியில் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டி புயல் நாளில் பேருதவி செய்யும். கடலுக்குச் செல்வோர் ஜி.பி.எஸ். கருவியோடு திசைகாட்டியையும் கொண்டுசெல்வதும், கரையின் அடையாளங்களை மூத்தவர்களிடம் கேட்டறிவதும் நலம்.

பள்ளிவாசல்களில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையையும் சுவர்க் கடிகாரத்தையும், கைப்பேசி இருக்கிறதே என்று அகற்றிவிட வேண்டாம். விடுமுறை நாளொன்றில் நம் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு கோலை நட்டு, நிழல் குறுகி மீண்டும் நீளத் தொடங்கும் தருணத்தைக் காட்டலாம். இரவில் துருவ விண்மீனைக் காட்டி, அதுவே வடதிசை என்று சொல்லிக்கொடுக்கலாம்.

வானத்துக் கடிகாரங்களைப் படைத்த அறிவு போற்றத்தக்கது. அவற்றைப் பயன்படுத்துவோம், அவை நின்றாலும் நாம் நின்றுவிடாதபடி வாழக் கற்போம்.